ஒரு வயதுக்குள் ‘மொழுமொழு’ எடை: நல்லதா, பிற்காலச் சர்க்கரைக்கு வித்தா?

அரசலாறு:
தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் எங்கே போனாலும் தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது “பிள்ளை எத்தனை கிலோ?” என்பதுதான். போதாக்குறைக்கு இப்போது ‘ஒரே மாதத்தில் ஒரு கிலோ ஏறும்’ என்று மாவு விற்கும் ரீல்ஸ். இந்த ‘மொழுமொழு’ ஆசைக்கு எதிராகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு ஆண்டில் இசட் ஸ்கோர் (வயதுக்கான மைய அளவிலிருந்து எவ்வளவு மேலே, கீழே என்று காட்டும் எண்) 0.67-க்கு மேல் ஏறியவர்கள் (வளர்ச்சி அட்டவணையில் நூறில் 25-ஆம் இடத்துக் கோட்டிலிருந்து 50-ஆம் கோட்டுக்குத் தாவுவது போல) ஐந்து வயதில் மற்றவர்களைவிடக் கொழுப்பு கூடியவர்களாக இருந்தார்கள். அது எதையும் மாற்றாமல் பார்த்து மட்டும் எழுதிய கவனிப்பு ஆய்வுதானே என்பீர்கள். சரி, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து நடத்திய குலுக்கல் ஆய்வைப் பாருங்கள். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரதம் குறைந்த பால், இன்னொன்றுக்குப் புரதம் கூடிய பால் கொடுத்தார்கள். வித்தியாசம் முதல் ஆண்டில் மட்டும்தான். ஆறு வயதில் உடல் பருமன் புரதம் குறைந்த பக்கம் 4.4%, கூடிய பக்கம் 10%.

ஆகவே எடை கூடுவதையே வெற்றி என்று கொண்டாடுவதை நிறுத்துங்கள்.

குடமுருட்டி:
மேடம், நீங்க சொன்னது எல்லாம் நிஜம். ஆனா யாரு பிள்ளையைப் பத்தின நிஜம்? இங்கிலாந்துல சவுதாம்டன் பிள்ளை சராசரியா 3.5 கிலோல பொறக்குது. புனே கிராமத்துல டாக்டர் யாஜ்னிக்கோட ஆய்வுக் குழு அளந்த பிள்ளைங்க 2.7. நிறைஞ்ச ஏரியில கொட்டுற தண்ணியும் கடைமடை வாய்க்கால்ல விடுற தண்ணியும் ஒண்ணாகுமா?

நம்ம நாட்டு ஆய்வையே எடுங்க. தில்லியில பொறப்புலேருந்து தொடர்ந்து அளந்துக்கிட்டு வந்த 1,492 பேரை 26லேருந்து 32 வயசுல சோதிச்சாங்க. 2004-ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு. சர்க்கரை வந்தவங்களும், சர்க்கரை எல்லைக்கோட்டுல நின்னவங்களும் ரெண்டு வயசு வரைக்கும் ஒல்லியா இருந்த பிள்ளைங்க. அப்புறம்தான் சீக்கிரமே சதை போட ஆரம்பிச்சிருக்காங்க. பன்னெண்டு வயசுல ஒருத்தர்கூட ‘பருமன்’ கணக்குல வரலை, கண்ணுக்கு நல்லாத்தான் இருந்திருக்காங்க.

அதுக்கும் முன்னாடி 1989-ல டேவிட் பார்க்கர் குழு ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பழைய பதிவேட்டைப் புரட்டினப்போ, பொறப்புலயும் ஒரு வயசுலயும் எடை கம்மியா இருந்த ஆம்பிளைங்கதான் மாரடைப்புல அதிகம் செத்திருந்தாங்க. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள 25% பிள்ளைங்க வயசுக்கேத்த உயரம் இல்லை, 22% எடை இல்லை. இந்த ஊருல நின்னுக்கிட்டு “எடை ஏறுதா, ஜாக்கிரதை”ன்னு சொன்னா எந்தத் தாய் காதுல எப்படி விழும்?

தராசுமுள்:
ரெண்டு பேரும் எடை ஏறுச்சா இல்லையான்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, ஏறுச்சுங்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தொங்கும் வில் தராசு 25 கிலோ வரைக்கும் காட்டும், ஒரு கோட்டுக்கு 100 கிராம். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி ஆண் குழந்தையின் மைய எடை 9 மாதத்தில் 8.9, 12 மாதத்தில் 9.6. மூணு மாசத்துக்கு 700 கிராம், நாளைக்கு 8 கிராம்கூட முழுசா இல்லை. அந்த வயசுல வாரம் ஒருமுறை தொங்கவிட்டா, முள்ளு அசையறது பிள்ளை வளர்ந்ததாலா காலை உதைச்சதாலான்னு சொல்லவே முடியாது.

இன்னும் சில்லறை: ஈர டயப்பர் 100–200 கிராம். வயிறு முட்டக் குடிச்ச பால் 80 கிராம். அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாம் வெள்ளின்னா 40–50 கிராம். ஒரு மாசம் கொலுசோட, மறு மாசம் கழட்டிட்டு நிறுத்தா “எடை குறைஞ்சு போச்சு”ன்னு வீடே அழும்.

பெரிய தப்பு தராசுல இல்லை, வயசுல. “நாலாம் மாசம் நடக்குது”ன்னு தாய் சொன்னா முடிஞ்சது மூணு மாசம். அட்டவணை கேக்கறது முடிஞ்ச மாசம். 5.3 கிலோ ஆண் குழந்தையை 3-க்கு நேர புள்ளி வச்சா மைனஸ் 2 கோட்டுக்கு (இசட் –2, இதுக்குக் கீழ போனா எடை குறைவு; இங்க 5.0) மேல நிக்கும். 4-க்கு நேர வச்சா கோடு 5.6, பிள்ளை கீழ விழுந்துடும். அதே பிள்ளை, அதே தராசு. இதுக்கு அப்புறம் பவுடர் டப்பா வாங்க ஓடுவாங்க.

சம்பா_நாற்று:
மாசம் அரைக் கிலோ ஏறணும்னு ஒரு கணக்குச் சொல்றாங்களே, அது சரியா?

தராசுமுள்:
ஒரு வயசு முழுக்க ஒரே கணக்குன்னா தப்பு. அட்டவணையில் ஆண் குழந்தைக்குப் பாருங்க: 1-லேருந்து 2 மாசத்துக்குள்ள 4.5 போய் 5.6, அதாவது 1.1 கிலோ. 3-லேருந்து 4-க்கு 600 கிராம். 6-லேருந்து 9-க்கு மொத்தமே ஒரு கிலோ. அரைக் கிலோ கணக்கைப் பிடிச்சுக்கிட்டா முதல் மாசங்கள்ல ஏறாத பிள்ளையைத் தவறவிடுவீங்க, எட்டாம் மாசத்துல நல்லா இருக்கற பிள்ளைக்குத் திணிப்பீங்க. முதல் வாரத்தைக் கணக்குலயே சேர்க்காதீங்க: பிறப்பு எடையில் 7–10% குறைஞ்சு, 10–14 நாள்ல திரும்பும். அந்த நாலு நாள் சரிவைப் பாத்து “பால் பத்தலை”ன்னு முடிவு கட்டினதுதான் பல வீட்டுல பால் நிக்கக் காரணம்.

அரசலாறு:
தராசுமுள் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. குடமுருட்டி அண்ணனுக்குப் பதில்.

தில்லி ஆய்வை நீங்கள் பாதி சொன்னீர்கள். ஒல்லியாக இருந்ததால் சர்க்கரையா, ஒல்லியாக இருந்துவிட்டு ஏறியதால் சர்க்கரையா? அந்த ஆய்வின் அமைப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. புனேக் குழந்தைகளோ, 2.7 கிலோ எடையிலும் முதுகுத் தோல் மடிப்பில் கொழுப்பைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். குறைந்தது தசையும் வயிற்று உறுப்புகளும்தான். யாஜ்னிக் ‘ஒல்லியான கொழுத்த குழந்தை’ என்று சொன்னது அதனால்தான். அப்படிப் பிறந்த உடம்பில் நீங்கள் திணிக்கும் கலோரி எங்கே போய்ச் சேரும்?

அடுத்து, நம் ஊரில் ‘எடை ஏற’ என்று எதைக் கொடுக்கிறார்கள்? நாலாம் மாதத்திலேயே பசும்பால். தாய்ப்பாலில் 100 மி.லி.க்குப் புரதம் சுமார் 1 கிராம், பசும்பாலில் 3.3. செரிக்காது என்று பாதித் தண்ணீர் விட்டால் புரதம் 1.6 ஆகிறது, கலோரியோ 67-லிருந்து 33-க்கு விழுகிறது. புரதம் கூடுதல், ஆற்றல் பாதி, இரும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு வயது வரை பசும்பாலைக் குடிபாலாகக் கொடுக்கவே கூடாது.

பவுடர் பால் கரைப்பதிலும் இரண்டு விதத் தப்பு. பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு தட்டைக் கரண்டி என்று போட்டிருக்கும். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி அப்புறம் பவுடர் போட வேண்டும். கரண்டியைக் குவித்துப் போட்டால் பால் கெட்டியாகி உப்பு கூடும், மலம் இறுகும், தாகத்தில் அழும் குழந்தைக்கு இன்னொரு புட்டி கொடுப்பார்கள், எடை எகிறும். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று கரண்டியைக் குறைத்தால் வயிறு நிறையும், எடை நிற்கும்.

குடமுருட்டி:
பசும்பால் விஷயத்துல உங்க கட்சிதான். ஆனா அந்த ஐரோப்பிய ஆய்வு டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடந்த போட்டி. தாய்ப்பால் குடிச்சு வேகமா ஏறுற பிள்ளைக்கு அதைத் தூக்கிப் போடாதீங்க. அதுக்காகத் தாய்ப்பால் பருமனைத் தடுக்கும்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பெலாரஸ்ல 17,046 தாய்-சேய் ஜோடி, மருத்துவமனை மருத்துவமனையாகக் குலுக்கிப் போட்டாங்க. தாய்ப்பாலுக்கு ஊக்கம் கொடுத்த மருத்துவமனைப் பக்கம் கூடுதல் நாள் தாய்ப்பால் குடுத்தாங்க. 11½ வயசுல எடையில வித்தியாசமே இல்லை. தாய்ப்பால் குடுக்க வேற நூறு காரணம் இருக்கு, இந்தக் காரணத்தை விட்டுடுவோம்.

என் கவலை ஆறாம் மாசத்துக்கு அப்புறம். இங்க எடை சரியற பிள்ளைங்கள்ல பல பேருக்குச் சரியறது தண்ணிக் கஞ்சியால. கணக்கு போடுங்க: 30 கிராம் அரிசி, அரை லிட்டர் தண்ணி. மொத்தமே 105 கலோரி. கிராமுக்கு 0.2 கலோரிதான் தேறும், குறைஞ்சது 0.8 வேணும். ஏழு கிலோ பிள்ளை வயிறு ஒரு வேளைக்கு 200 மி.லி. கொள்ளும், நிறைச்சாலும் 40 கலோரி. 6–8 மாசத்துல தாய்ப்பால் போக நாளைக்கு 200 கலோரி தேவை. அஞ்சு வேளை வயிறு முட்டக் குடிச்சாத்தான் எட்டும், அதுக்குள்ள பால் குடிக்க இடம் இருக்காது.

மாத்தா: குழைய மசிச்ச சாதம் 60 கிராம், கெட்டிப் பருப்பு 20 கிராம், ஒரு டீஸ்பூன் நெய். ஏறத்தாழ 140 கலோரி, 85 கிராம்தான். கரண்டியைச் சாய்ச்சா வழிஞ்சு ஓடக் கூடாது, ஒட்டிக்கிட்டு மெதுவா விழணும், அதுதான் பதம்.

நடவு நேரத்துல தாய் விடியக்காலம் வயலுக்குப் போயி மத்தியானம் திரும்புவா. நடுவுல பாட்டி குடுக்கறது அந்தத் தண்ணிக் கஞ்சியும், கோடை வந்தா தாகத்துக்குச் சீனித் தண்ணியும். ஆறு மாசத்துக்குள்ள பிள்ளைக்கு வெயிலானாலும் தண்ணி வேண்டாம். பாலைப் பீய்ச்சி மூடி வச்சா 4 மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும், நம்ம வெக்கைக்கு அதுவே மிஞ்சின காலம்.

அரசலாறு:
அந்த ஒரு டீஸ்பூன் நெய்தான் நாலு டீஸ்பூன் ஆகிறது அண்ணே. நெய் எடையைக் கூட்டும், நீளத்தைக் கூட்டாது. முட்டை வையுங்கள்: ஒன்றுக்கு சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம்.

குடமுருட்டி:
முட்டை வேண்டாம்னு எப்ப சொன்னேன்? ஆனா நெய்யை எடுத்துட்டா அந்தச் சாதம் கிராமுக்கு எவ்வளவு கலோரின்னு நீங்களே வகுத்துப் பாருங்க. நெய் ஒண்ணோட நிக்கணும்னு சொல்லுங்க, நெய்யே வேண்டாம்னு சொல்லாதீங்க.

வெண்ணாற்றுப்படுகை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். குழந்தையா இருக்கும்போது ஏறின எடைதான் பெரியவங்களைக் குண்டாக்குதுன்னு ரெண்டு பேருமே ஒரு ஊகத்துல பேசறீங்க. பெரியவங்களை நேரா வச்சுச் செஞ்ச ஆய்வுகள் இருக்கே.

1990-ல கனடாவில் பூஷார் குழு 12 ஜோடி ஒத்த இரட்டையரை எடுத்து, 100 நாள்ல 84 நாள், நாளைக்கு 1,000 கலோரி அதிகமாக் குடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரே கூடுதல். சராசரி 8.1 கிலோ ஏறினாங்க, ஆனா ஒருத்தர் 4.3, இன்னொருத்தர் 13.3. அண்ணனும் தம்பியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஜோடிக்கு ஜோடிதான் வித்தியாசம் மூணு மடங்கு. 1999-ல லெவைன் 16 பேருக்கு எட்டு வாரம் அதே ஆயிரம் கலோரி குடுத்தப்போ, சேர்ந்த கொழுப்பு 0.36 கிலோவிலேருந்து 4.23 கிலோ வரைக்கும் விரிஞ்சுது. சும்மா உக்காந்தே கை கால் ஆட்டிக்கிட்டு, எழுந்து நடந்துக்கிட்டு இருக்கறவங்க எரிச்சுட்டாங்க. 2019-ல கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனை வார்டுலயே தங்க வச்சு, பாக்கெட் உணவு ரெண்டு வாரம், சமைச்ச உணவு ரெண்டு வாரம். இஷ்டத்துக்குச் சாப்பிடுங்கன்னு விட்டாங்க. பாக்கெட் வாரங்கள்ல நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதல், 0.9 கிலோ ஏத்தம். மத்த ரெண்டு வாரத்துல அதே 0.9 இறக்கம்.

தமிழ்நாட்டுப் பெண்கள்ல அதிக எடை 30.9%-லேருந்து 40.4%-க்குப் போனது 2015–16, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ரெண்டுக்கும் நடுவுல. அதே பெண்கள் தொட்டில்ல குடிச்சது அந்த அஞ்சு வருஷத்துல மாறியிருக்குமா? மாறினது டீக்கடை பன்னும் பாக்கெட்டும். தொட்டிலை விடுங்க.

அரசலாறு:
மரபு வேலை செய்கிறது என்பதை ஏற்கிறேன். என் தரப்புக்கே அது ஒரு குத்துதான்: நல்ல பசியோடு பிறந்த குழந்தை வேகமாகவும் ஏறும், பெரியவரானதும் நிறையவும் சாப்பிடும். இரண்டுக்கும் பொதுக் காரணம் பசி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. பிரிஸ்டல் ஆய்வில் இதைக் கழிக்க முடியாது, குலுக்கல் ஆய்வில் முடியும். அதனால்தான் ஐரோப்பிய ஆய்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பெரியவர் ஆய்வைக் குழந்தைக்கு இறக்காதீர்கள். ஒரு மாதக் குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சிக்கே போகிறது, ஒரு வயதில் அது 3% அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரியவரில் கூடுதல் கலோரி பெரும்பாலும் கொழுப்பு. குழந்தையில் அது எலும்பா, மூளையா, தசையா, கொழுப்பா என்பது கேள்வி.

தராசுமுள்:
அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை மேல வச்சுப் பாப்போம். கற்பனைக் குழந்தைதான், ஆனா அட்டைகள்ல அடிக்கடி தட்டுப்படற மாதிரி எண்.

பெண் குழந்தை, நாள் கணக்கு முடிஞ்ச பிரசவம், 2.3 கிலோ, நீளம் 45.5 செ.மீ. முழுத் தாய்ப்பால். நாலு மாசம் முடிஞ்சப்போ 5.6 கிலோ.

பிறப்புல மைனஸ் 2 கோடு 2.4, அதுக்கும் கீழ. நாலு மாசத்துல மைனஸ் 1 கோடு 5.7, அதை ஒட்டி நிக்குது. தோராயமா –2.2-லேருந்து –1.1. ஒரு இசட் ஏறியாச்சு. அரசலாறு மேடம் காட்டின 0.67 அளவுகோல்படி இது ‘ஆபத்தான வேகம்’. குடமுருட்டி அண்ணே பார்வையில் இன்னமும் மையக்கோட்டுக்கு (6.4) 800 கிராம் கீழ இருக்கற பிள்ளை. நாளைக்கு 27 கிராம் வீதம் ஏறியிருக்கு, ரொம்ப ஒழுங்கான ஏத்தம்.

இப்போ நீளத்தைப் போடுங்க. நாலு மாசத்துல 60 செ.மீ.ன்னா மைனஸ் 1 கோடு (59.9). நீளமும் ஒரு இசட் ஏறியிருக்கு, நீளத்துக்கேத்த எடை மையத்துக்குக் கீழதான். அதே 5.6 கிலோ, ஆனா நீளம் 57-ன்னா? மைனஸ் 2 கோட்டுக்கும் (57.8) கீழ. எடை போன இடம் வேற.

அரசலாறு:
60 என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

குடமுருட்டி:
57-ன்னா நானும் கொஞ்சம் யோசிப்பேன். அப்பவும் பாலைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், அதுல நான் நகர மாட்டேன். முதல்ல நீளத்தை ரெண்டாம் தடவை அளக்கச் சொல்வேன்.

தராசுமுள்:
அளக்கணும். பாயில படுக்க வச்சு டெய்லர் நாடாவால அளந்தா 1–2 செ.மீ. சர்வ சாதாரணமாத் தப்பும், அரை இசட், ஒரு இசட் அங்கேயே போச்சு. மரப்பலகையில ஒருத்தர் தலையை நிலைப்பலகையில ஒட்டப் பிடிக்கணும், இன்னொருத்தர் முழங்காலை அமுக்கிப் பாதத்துல பலகையைத் தள்ளணும். தொப்பி, காலுறை கூடாது. ஒத்தை ஆளால ஆகாத வேலை.

சம்பா_நாற்று:
தாய் சேய் அட்டையில எடைப் பக்கம் நிறைஞ்சு கிடக்கு, நீளக் கட்டம் காலியாவே இருக்கு. இதனாலயா?

குடமுருட்டி:
இதனாலதான். ரெண்டாவது ஆள் வேணும், பலகை வேணும், பிள்ளை கத்தும். 1980-ல தொடங்கின தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துலயும் மாசாமாசம் எடைதான்: ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, ஏறிட்டா நிறுத்தம். அந்த நிறுத்தற புத்தி எனக்குப் பிடிக்கும், சும்மா எல்லாருக்கும் அள்ளிக் கொட்டலை. ஆனா நீளம் அதுலயும் மைய அளவா இல்லை. ஆறு மாசத்துக்கு மேல புஜத்துல சுத்துற நாடா 11.5 செ.மீ.க்குக் கீழ காட்டினா மட்டும் எந்த விவாதமும் வேண்டாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

அரசலாறு:
சரி, மிச்சம் இருக்கும் வழக்கு: நாள் நிறைந்து 2.3 கிலோவில் பிறந்த குழந்தைக்குச் செறிவூட்டிய (சத்து கூடுதலாகச் சேர்த்த) பால் கொடுக்கலாமா? கூடாது என்கிறேன். பிரிட்டனில் இப்படிச் சிறிதாகப் பிறந்தவர்களுக்குச் செறிவூட்டிய பவுடர் பால், சாதாரணப் பவுடர் பால் என்று குலுக்கிப் போட்டுப் பார்த்தார்கள். செறிவூட்டியதைக் குடித்தவர்களுக்கு 5–8 வயதில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. 1.5 கிலோவுக்குக் கீழ் குறைமாதத்தில் பிறந்தவர்கள் கதை வேறு. அங்கே மூளை வளர்ச்சி முன்னே நிற்கிறது, செறிவூட்டல் வேண்டும்.

குடமுருட்டி:
அதுல சண்டையே இல்லையே. நாள் நிறைஞ்ச பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும். ஆறு மாசத்துக்கு அப்புறம் கெட்டிச் சாதம், பருப்பு, முட்டை, ஒரு ஸ்பூன் நெய். 2013-ல லான்செட்ல வந்த அஞ்சு நாட்டுத் தொகுப்புலயும் இந்தியா இருக்கு: ரெண்டு வயசு வரைக்கும் நீளம் நல்லா ஏறினவங்க கூடுதலாப் படிச்சாங்க, உயரமானாங்க. உயரத்துக்கு மிஞ்சி எடை ஏறினது அதிகமாச் சேதம் பண்ணினது அதுக்கு அப்புறந்தான்.

வெண்ணாற்றுப்படுகை:
அப்போ பாக்க வேண்டியது ரெண்டு வயசுக்கு மேல. சாதாரணமா அஞ்சு ஆறு வயசு வரைக்கும் உடல் நிறைக் குறியீடு இறங்கி, அப்புறம்தான் திரும்ப ஏறும். மூணு நாலு வயசுலயே திரும்பிட்டா அதுதான் தில்லியில பாத்த பாதை. அந்த வயசுப் பிள்ளையை வருஷத்துக்கு ரெண்டு தடவை நிறுத்து, நிக்க வச்சு உயரம் எடுத்து, கட்டம் போடற இடம் எது?

குடமுருட்டி:
மூணு வயசுக்கு அங்கன்வாடி இருக்கு. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போனதும் அட்டை பீரோவுக்குள்ள போயிடுது.

தராசுமுள்:
அதை வெளியில எடுத்து வைங்க. ரெண்டு வயசுக்கு மேல நிக்க வச்சு எடுத்த உயரம், படுக்க வச்சு எடுத்த நீளத்தைவிட 0.7 செ.மீ. கம்மியா வரும். ரெண்டு வயசுக்கு மேல அட்டவணையே நிக்க வச்ச உயரத்துக்குப் போட்டதுதான், எதையும் கூட்ட வேண்டாம். பழைய நீளத்தோட நேரா ஒப்பிட்டு “பிள்ளை குட்டையாகிடுச்சு”ன்னு இங்க வந்து அடுத்த இழை தொடங்காதீங்க.